வால்வு விரியலாக்கிகளும் வரலாற்றுச் சான்றும்

வரலாற்று மாணவன் ஏடுகளையும் கல்வெட்டுக்களையும் நாணயங்களையும் சான்றுகளாகக் கொள்ளப் பழகியவன். அண்மைக் காலத்து இயந்திரங்களை அவன் அவ்வாறு நோக்குவது அரிது. அவை பழுதுற்றால் திருத்தப்படுவதற்கும் பயனற்றால் வீசப்படுவதற்கும் உரியனவாகவே கருதப்படுகின்றன. ஆயின் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இருபது ஆண்டுகளிற் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஆக்கப்பட்ட வால்வு விரியலாக்கிகள் இவ்வழக்கத்திற்கு விலக்காக அமைந்துவிட்டன. ஒருகாலத்திற் குப்பையிற் சேர்ந்த அவற்றை இன்று தேடியெடுத்துப் புதுக்குவோர் பலர். அவர்களுள், பொருளைப் பிறந்த நிலைக்கே மீட்டல் வேண்டும் என்பார் ஒரு சாரார். இன்றைய அறிவுகொண்டு அதனை மேம்படுத்தல் வேண்டும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளையும் அவ்விரியலாக்கிகளின் வரலாற்றோடு பொருத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

இசைத்தட்டின் ஊசியிலிருந்தோ வானொலி வாங்கியிலிருந்தோ பெறப்படும் மின்குறிப்பு மிக நலிந்தது. ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்கும் வலுவை அதற்கு ஊட்டும் கருவியே விரியலாக்கி. திரான்சிற்றர் தோன்றுமுன் இப்பணியைச் செய்தவை வால்வுகளே. காற்றகற்றப்பட்ட கண்ணாடிக் குழாயினுள்ளே சூடேறிய கதோட்டு இலத்திரன்களை வெளிவிட, அவற்றை அனோட்டு ஈர்த்துக்கொள்ளும். 1904 ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் பிளெமிங் ஆக்கிய வால்வு இவ்விரு முனைகளை மட்டுமே கொண்டிருந்தது. 1906 இல் அமெரிக்கரான லீ டி பொறெஸ்ற் இவற்றிடையே மூன்றாவதாக ஒரு கம்பிவலையைப் புகுத்தினார். வலையிலே நிகழும் சிறு மின்மாற்றம் அனோட்டிற்குச் செல்லும் மின்னோட்டத்திற் பெருமாற்றத்தை விளைவித்தது. வால்வினாற் குறிப்பை வலுப்படுத்தல் இதனாலேயே இயலுவதாயிற்று.

இக்கண்டுபிடிப்பின் பயனை முதலில் நன்குணர்ந்தவை தொலைபேசி நிறுவனங்களே. 1915 இல் நியூயோர்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசித் தொடர் வால்வு விரியலாக்கிகளின் துணைகொண்டே இயங்கியது. ஆயினும் வால்வு குறிப்பை வலுப்படுத்தும்போது அதன் வடிவத்தையும் ஓரளவு சிதைத்தது. இத்திரிபைக் குறைக்கும் வழியை 1927 இல் பெல் ஆய்வுகூடப் பொறியியலாளர் ஹரல்ட் பிளாக் கண்டார். வெளியீட்டின் ஒரு பகுதியை எதிர்த்திசையில் உள்ளீட்டிற்கே திருப்பியனுப்பினால் விரியலாக்கி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது அவர் கண்ட உண்மை. எதிர்ப் பின்னூட்டல் என வழங்கும் இம்முறை, வலுவை இழந்து தூய்மையைப் பெறுவது. தொலைபேசிக்காகப் பிறந்த இம்முறை வீட்டு இசைக்கும் பயன்படும் காலம் போரின் பின்னரே வாய்த்தது.

வில்லியம்சனின் கட்டுரை

போர் முடிந்த பிரித்தானியாவிற் பொருட் பற்றாக்குறை நிலவியது. ஆயினும் படைகளுக்கென ஆக்கப்பட்டு எஞ்சிய வால்வுகளும் கொள்ளளவிகளும் மலிவாக விற்கப்பட்டன. படைத்துறையிற் பயிற்சிபெற்ற வானொலித் தொழில்நுட்பவியலாளர் ஆயிரக்கணக்கில் வீடு திரும்பியிருந்தனர். நீர்மூழ்கிகளின் ஒலியை வேறுபடுத்தி அறியும் போர்க்கால முயற்சியின் பயனாக, டெக்கா நிறுவனம் முன்னையவற்றினும் விரிந்த மீடிறன் வீச்சுடைய இசைத்தட்டுக்களை வெளியிடத் தொடங்கியிருந்தது. தட்டிற் பதிந்துள்ளதை முழுமையாகக் கேட்பிக்கும் விரியலாக்கி அன்றைய தேவையாயிற்று.

1945 இல் ஹரல்ட் லீக் என்பார் திரிபு 0.1 வீதமே எனக் கூறி ஒரு விரியலாக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தார். எனினும் பெருந்தொகையானோரைத் தொட்டது விற்பனைப் பொருளன்று. ஒரு சஞ்சிகைக் கட்டுரையே. மார்க்கோனி-ஒஸ்ரம் வால்வு நிறுவனத்திற் பணியாற்றியபோது வில்லியம்சன் என்ற இளம் பொறியியலாளர் உருவாக்கிய விரியலாக்கியின் விபரம், 1947 ஏப்பிரல், மே மாதங்களில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது 24. கே.ரி. 66 வகை வால்வுகள் இரண்டினைக்கொண்டு 15 வாற்று வலுவை 0.1 வீதத்திற்குக் குறைந்த திரிபோடு தரக்கூடியதாக அது அமைந்தது. வெளியீட்டு நிலைமாற்றியையும் உட்கொண்டு முழுச் சுற்றுக்கும் பின்னூட்டல் அளித்தமையே இதன் சிறப்பாகும். இதற்கு மிக நுட்பமாகச் சுற்றப்பட்ட நிலைமாற்றி தேவைப்பட்டது. அதனைச் சுற்றும் முறையையும் அவர் ஒளியாது வெளியிட்டார்.

இதன் விளைவைச் சமூக நோக்கிற் கணித்தல் வேண்டும். தொழில்நுட்ப அறிவு நிறுவனச் சொத்தாகப் பூட்டிவைக்கப்படாது, ஒரு சஞ்சிகையை வாங்க வல்ல எவருக்கும் உரியதாயிற்று. ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் தொழிலாளரும் தம் வீட்டு மேசைகளில் வில்லியம்சன் விரியலாக்கியை ஆக்கினர். தட்டை வெட்டி, துளையிட்டு, கிடைத்த உறுப்புக்களைப் பற்றாசு கொண்டு பொருத்தினர். ஒருவர் நிலைமாற்றியை விலைக்கு வாங்கினார். வேறொருவர் தாமே சுற்றினார். ஆகவே வரைபடம் ஒன்றாயினும், அதன்வழிப் பிறந்த பொருள்கள் ஒன்றையொன்று முற்றாக ஒத்திருக்கவில்லை.

வில்லியம்சனும் தம் ஆக்கத்தை முடிந்த முடிபாகக் கொள்ளவில்லை. 1949 இல் திருத்திய வடிவத்தை வெளியிட்டார். 1951 இல் அமெரிக்கரான டேவிட் ஹாவ்லரும் ஹேர்பேட் கெறோசும், நிலைமாற்றிச் சுருளின் இடையிலிருந்து வால்வின் திரைவலைக்கு இணைப்புக் கொடுக்கும் முறையைப் பரப்பினர். அவ்வகை இணைப்பிற்கு ஆங்கிலேயரான அலன் புளூம்லைன் 1937 இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அதனை வில்லியம்சனின் சுற்றிற் பொருத்தியபோது அதே வால்வுகள் கூடிய வலுவைத் தந்தன. 1953 இற் குவாட் நிறுவனத்தின் இரண்டாம் விரியலாக்கியும், 1954 இல் வீட்டில் ஆக்குவோர்க்கென மலாட் நிறுவனம் வெளியிட்ட 10 வாற்று வரைபடமும், 1959 இல் ஹாவ்லரின் டைனாக்கோ நிறுவனம் உறுப்புக்களாகவும் விற்ற ஸ்ரீரியோ 70 உம் இக்கால வளர்ச்சியின் படிகளாகும்.

வீழ்ச்சியும் மீட்சியும்

வில்லியம்சனின் கட்டுரை வெளியான அதே 1947 ஆம் ஆண்டின் இறுதியிலேயே பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது. வால்வு விரியலாக்கி தன் உச்சத்தை அணுகிய ஆண்டிலேயே அதன் முடிவுக்கான வித்தும் இடப்பட்டது. 1960களிற் சூடும் பாரமும் குறைந்த திரான்சிற்றர்க் கருவிகள் சந்தையைக் கைப்பற்றின. குவாட் நிறுவனமும் 1967 இல் திரான்சிற்றர் விரியலாக்கியை வெளியிட்டது. பழையவை பரண்களிலும் கொட்டில்களிலும் ஒதுங்கின.

ஆயின் 1970களில் யப்பானிலும் பிரான்சிலும் இசையார்வலர் சிலர் அவற்றை மீண்டும் நாடினர். பின்னர் இவ்வார்வம் பிற நாடுகளுக்கும் பரவியது. கே.ரி. 66 ஐ ஆக்கிய பிரித்தானிய நிறுவனம் 1988 இல் மூடப்பட்டபோதிலும், ரஷ்யா, சிலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளின் தொழிற்சாலைகள் இன்றும் வால்வுகளை ஆக்கி வருகின்றன. இதனாலேயே புதுக்குதல் நடைமுறைக்கு இயலுவதாக உள்ளது.

செப்பனிடுதலும் மேம்படுத்துதலும்

எழுபது ஆண்டு பழமையான விரியலாக்கியை அப்படியே மின்னுடன் இணைத்தல் தகாது. அதனுள்ளே 400 வோல்ற்றும் அதற்கு மேலும் நிலவும். மின்னை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளில் உயிர்கொல்லும் மின்னேற்றம் எஞ்சியிருக்கலாம். அன்றைய கருவிகள் பலவற்றிற்குப் புவித்தொடுப்பு இல்லை. அன்றியும் வீட்டு மின்வழங்கல் இடத்துக்கிடம் வேறுபட்டமையால், 200 முதல் 250 வோல்ற்று வரை பல இணைப்புக்கள் நிலைமாற்றியில் அளிக்கப்பட்டிருக்கும். இன்றைய 230 வோல்ற்றுக்கு ஏற்றதை ஆராய்ந்து தெரிதல் வேண்டும். முதலில் ஒரு மின்குமிழைத் தொடராக இணைத்து மின்னூட்டுதல் அனுபவமுடையோர் வழக்கம். உள்ளே குறுஞ்சுற்று இருப்பின் மின்குமிழ் பிரகாசமாக எரிந்து அதனைக் காட்டிவிடும்.

உறுப்புக்கள் யாவும் ஒரே வகையில் மூப்படைவதில்லை. மின்பகுப்புக் கொள்ளளவிகள் உலர்ந்து தம் ஆற்றலை இழக்கும். காபன் தடையிகளின் பெறுமானம் ஆண்டுகள் செல்ல உயரும். இவற்றினும் கேடு விளைப்பவை வால்வுகளை இணைக்கும் கடதாசிக் கொள்ளளவிகள். குறிப்பைச் செல்லவிட்டு நேரோட்டத்தைத் தடுத்தலே இவற்றின் கடமை. ஈரமுற்ற கடதாசி நேரோட்டத்தைச் சிறிது கசியவிட்டாலும் அடுத்த வால்வின் வலை தன் கட்டுப்பாட்டை இழக்கும். மின்னோட்டம் பெருகி அனோட்டு செந்நிறமாகும். ஈற்றில் வெளியீட்டு நிலைமாற்றி எரியும். அற்ப விலையுள்ள ஓர் உறுப்பின் பழுதினால், மீளப் பெறற்கரிய உறுப்பு அழிகிறது. ஆகவே இத்தகைய உறுப்புக்களை மாற்றுதல் பழமைக்குச் செய்யும் துரோகமன்று. எஞ்சியதைக் காக்கும் வழியாகும்.

மேம்படுத்தல் இதனின் வேறானது. எடுத்துக்காட்டாகக் குவாட் இரண்டாம் விரியலாக்கியைக் கொள்ளலாம். அதன் மின்வழங்கற் பகுதியில் 16 மைக்குரோபரட்டுக் கொள்ளளவிகள் இரண்டு உள்ளன. இரைச்சலைக் குறைக்கலாம் எனக் கருதி இவற்றிற்குப் பதிலாகப் பன்மடங்கு பெரியவற்றை இடுவோர் உளர். ஆனால் முதற் கொள்ளளவி பெரிதானால் அதை நிரப்பும் மின்னோட்டத் துடிப்புச் சீராக்கி வால்வின் எல்லையைக் கடந்து அதனை அழிக்கும். சீராக்கி வால்வையே அகற்றிச் சிலிக்கன் இருவாயிகளை இட்டாலோ, வால்வுகள் சூடேறுமுன்னரே அளவிற் கூடிய வோல்ற்றளவு சுற்றெங்கும் பாயும். ஆக்கியவர் ஒன்றுக்கொன்று அளவாகப் பொருத்திய உறுப்புக்களில் ஒன்றை மாற்றினால் மற்றவையும் நிலைகுலைகின்றன. முன்னோர் அறியாமையாற் சிறியதை இட்டனர் எனக் கொள்ளுதல், பலவேளைகளில் நம் அறியாமையின் வெளிப்பாடே.

எனினும் மேம்படுத்தல் முழுவதையும் மறுத்தலும் வரலாற்றிற்கு ஒவ்வாது. வில்லியம்சன் தம் ஆக்கத்தைத் தாமே திருத்தினார். ஹாவ்லரும் கெறோசும் அதனை மேலும் மாற்றினர். 1952 இல் ஒருவர் தம் விரியலாக்கியிற் செய்த மாற்றம் இன்று போற்றத்தக்க சான்று எனின், இன்றைய மாற்றத்தை மட்டும் குற்றமெனல் எவ்வாறு பொருந்தும்? இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் இயலாது.

பதிப்பாசிரியரின் நெறி

இதற்கு விடைகாண நமது பதிப்பு வரலாறு துணைபுரியும். கலித்தொகையை 1887 இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, பழைய ஏடுகள் கைபட்டாலே ஒடிந்து உதிரும் நிலையைத் தம் பதிப்புரையில் வருந்தி எடுத்துரைத்துள்ளார். ஏட்டைத் தொடாது விட்டால் நூல் அழியும். தொட்டுத் திருத்துவோன் தன் மதியே பெரிதெனக் கொண்டாலும் நூல் அழியும். நல்ல பதிப்பாசிரியன் தான் கொண்ட பாடத்தை மேலே அச்சிட்டு, ஏனைய பாடபேதங்களைக் கீழே தருகிறான். தான் தவறியிருந்தால் பின்வருவோன் திருத்துதற்கு வழி திறந்தே இருக்கிறது. சொல்லாது திருத்துபவனோ அவ்வழியை அடைத்துவிடுகிறான்.

விரியலாக்கியைப் புதுக்குவோர்க்கும் இந்நெறியே பொருந்தும். உயிருக்கு ஊறு விளைப்பனவற்றைத் தயங்காது மாற்றுதல் வேண்டும். வேறு மாற்றம் செய்வதாயின், பின்னர் மீட்கத்தக்க வகையிற் செய்தல் வேண்டும். தட்டிற் புதுத்துளையிடுதலும் நிலைமாற்றியை அகற்றுதலும் தகா. தொடங்குமுன் படமெடுத்து, மாற்றியவற்றை எழுதி, அகற்றிய உறுப்புக்களைப் பொதியிலிட்டுக் கருவியோடு வைத்தல் வேண்டும். மேம்படுத்தல் குற்றமன்று, முன்னிருந்ததை அறியமுடியாமற் செய்தலே குற்றமாகும்.

இதனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வில்லியம்சனின் பெயர் அச்சில் உள்ளது, அது அழியாது. அவர் கட்டுரையைப் படித்து, பணிமுடிந்த இரவுகளில் உறுப்பு உறுப்பாகப் பொருத்திய மனிதர்களோ தம்மைப்பற்றி எதுவும் எழுதிவைத்தாரல்லர். அவர்கள் வளைத்த கம்பியும், பென்சிலால் தட்டிற் குறித்த எண்ணும், கிடையாத உறுப்புக்கு ஈடாக வைத்த வேறோர் உறுப்பும், ஓரிடத்தில் தடித்துப்போன பற்றாசுமே அவர்கள் விட்டுச்சென்ற சாசனங்கள். வறுமைக்கிடையே தூய இசையை நாடிய ஒரு தலைமுறையை அவற்றிலன்றி வேறெங்கும் நாம் இத்துணை அணுக்கமாகக் காண்பதற்கில்லை. அவற்றைச் சுரண்டியெறிந்துவிட்டுப் பளபளக்கும் புதுச்சுற்றை அமைப்பவன் இனிய இசையைப் பெறக்கூடும். ஆயின் அவன் கையில் எஞ்சுவது பழைய தட்டில் ஏற்றிய புதிய விரியலாக்கியே. அதனை ஆக்கியவனின் கைவண்ணம் அதிலிருந்து நீங்கிவிட்டது.