உட்கார்ந்தால் காசு!

கீழக்கரை மாதிரி கடலோர ஊர்களில், மணலில் சில அடி தோண்டினால் கொஞ்சம் நல்ல தண்ணீர். அதற்குக் கீழே உப்பு. அந்தப் பக்கம் கிணறு, இந்தப் பக்கம் கக்கூஸ் குழி என்றால் குழியில் விட்டது கிணற்றுக்கு வந்துவிடும்! மிச்சச் சாக்கடை கடலில் கலக்கிறது என்ற புகாரும் பழசு. 1986-ல் தேசியப் பூங்கா ஆன அதே மன்னார் வளைகுடாவில்தான்.

முசிறிக்கும் இதே தலைவலி. (சங்ககாலத் துறைமுகம் இல்லை சார், அது கேரளம்! இது திருச்சிக்குப் பக்கம், காவிரிக்கரை.) நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் ஊர். 2000-களில் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனத்தின் சுப்புராமன் அங்கே ஒரு பொதுக் கழிப்பறை கட்டினார். குழியே தோண்டவில்லை, தரைக்கு மேல் தொட்டி. மலத்துக்கு ஒரு துளை, சிறுநீருக்கு ஒன்று, கழுவும் தண்ணீருக்கு ஒன்று. மலத்தின் மேல் ஒரு பிடி சாம்பல். நிறைந்ததும் மூடி, மாதக்கணக்கில் விட்டுவைத்தால் எரு. கழுவிய நீர் கல்வாழைக்கு, சிறுநீர் வயலுக்கு.

நாம் காசு கொடுத்து உள்ளே போவோம். அங்கே போனவர்களுக்குக் காசு கொடுத்தார்கள்! பி.காம். படித்த எனக்கே இந்த வரவு-செலவு பிடிபடக் கொஞ்சம் நேரமானது. உரம் கொடுத்தவருக்கு விலை தரணும், அவ்வளவுதான். 2021-ல் சுப்புராமனுக்கு பத்மஸ்ரீ.

ஆனால், ஒரு சொம்புத் தண்ணீர் தவறான துளையில் விழுந்தால் போச்சு, நாற்றம்தான். கீழக்கரையில் சொன்னால், 'வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்கே போறது?' என்பார்கள். மரத்தூளும் ஆகும்!