தூசு உறிஞ்சியும் ஒரு நியாயமான சோதனையும்



ஜார்ஜ்டவுனின் லோரோங் கூலிட் சந்தையில் பழைய நாணயம், கடிகாரம், மின்விசிறி என்று எதைத் தேடினாலும் கிடைக்கும். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே உருளை வடிவில், அடியில் சறுக்குக் கட்டைகளோடு ஒரு பழைய தூசு உறிஞ்சி (வேக்குவம் கிளீனர் என்றால்தான் பலருக்கும் விளங்கும்) கிடப்பதைக் கண்டேன். விலை பேசி வாங்கிக் கெப்பாலா பத்தாசுக்குக் கொண்டு வந்தேன். "நம் வீட்டில் கம்பளமே இல்லையே!" என்றார் என் இல்லத்தரசி. கேள்வி நியாயமானதுதான்.

வாங்கியதற்குக் காரணம் உண்டு. 1980களில் எங்கள் வீட்டுக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். பாயின்மீது ஒரு பிடி மண்ணைத் தூவி, இயந்திரத்தை ஓட்டி, குழாயின் வாயில் கட்டிய வெள்ளைத் துணியில் படிந்த கறுப்பைக் காட்டினார். அப்பா வியந்துபோய்த் தவணையில் வாங்கிவிட்டார். அம்மாவோ தீபாவளிக்கு முதல் நாள் மட்டும் அதை வெளியே எடுப்பார். மற்ற நாள்களில் விளக்குமாறுதான்.

அந்த வெள்ளைத் துணி வித்தை மிகவும் பழையது. 1901ஆம் ஆண்டில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், காற்றை ஊதித் தூசைக் கிளப்பும் ஒரு கருவியை இலண்டனில் கண்டார். ஊதுவதற்கு மாறாக உறிஞ்சினால் என்ன என்று எண்ணி, உணவகத்து நாற்காலியின்மீது கைக்குட்டையை விரித்து, வாய் வைத்து உறிஞ்சிப் பார்த்தார். இருமல் வந்தது, கைக்குட்டையில் கறையும் வந்தது. அவர் செய்த இயந்திரம் குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் மட்டும் சன்னல் வழியே வீட்டுக்குள் நுழையும். 1902இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக் கம்பளங்களைச் சுத்தம் செய்தது அவ்வியந்திரமே.

வீட்டுக்குள் அடங்கும் கருவியைத் தந்தவர் ஒரு துப்புரவுப் பணியாளர் என்பது என்னைக் கவர்ந்த செய்தி. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர், ஆஸ்துமா நோயாளி. தாம் பெருக்கும் தூசே தமக்குப் பகையானதால், துடைப்பக் கம்பு, தலையணை உறை, சிறிய மின்மோட்டார் ஆகியவற்றை இணைத்து ஒரு கருவி செய்து, 1908இல் காப்புரிமை பெற்றார். அதை வாங்கித் தொழிலாக்கிய ஹூவரின் பெயர்தான் உலகெங்கும் நிலைத்தது. ஸ்பேங்ளரின் பெயரை யார் அறிவார்?

தலையணை உறையில்தான் சிக்கலும் பிறந்தது. காற்று பையின் நுண்துளைகள் வழியே வெளியேற வேண்டும். தூசு படியப் படியத் துளைகள் அடைபடும், காற்றோட்டம் குறையும், உறிஞ்சும் வலிமையும் குன்றும். பையே இல்லாமல், சுழல் காற்றால் தூசைப் பிரிக்கும் கருவிக்காக ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்தார். 1993இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த அவருடைய கருவியின் உற்பத்தி, 2002இல் நம் மலேசியாவுக்கு, ஜொகூருக்கு மாறியது. அங்கே பிரிட்டனில் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர் என்பதையும் மறக்கலாகாது.

இனிச் சுவையான வழக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பர் முதல் தூசு உறிஞ்சிகளுக்குத் தர முத்திரை ஒட்டச் செய்தது. சோதனையோ காலிப் பையோடு நடந்தது! நிறைந்த பையோடுதானே மக்கள் பயன்படுத்துகிறார்கள் என்று டைசன் நிறுவனம் வழக்காடியது. முதலில் தோற்றாலும், 2018 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்த முத்திரை விதிமுறையை நீக்கியது. இழப்பீடு கேட்ட வழக்கு மட்டும் 2021இல் தள்ளுபடியானது.

பயிற்சிக் கழகத்தில் எங்கள் அறிவியல் விரிவுரையாளர் ஓயாமல் சொன்னது இதுவே: ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை மாற்றாதே. ஆனால் மாற்றாமல் வைத்திருப்பதையே தவறாகத் தேர்ந்தெடுத்தால் என்ன செய்வது? இதை அவரிடம் கேட்கும் வாய்ப்பு இனி இல்லை.

ஆகவே நானே சோதித்தேன். அமெரிக்கத் தர முறை ஒன்றில் 90 கிராம் மணலும் 10 கிராம் முகப்பவுடர்த் தாதுவான டால்க்கும் கலந்து கம்பளத்தில் அழுத்துவார்கள். நான் வயற்காட்டு மண்ணைக் காயவைத்துச் சலித்து, 100 கிராம் நிறுத்துப் பாயில் தூவினேன். பழைய இயந்திரத்தின் மின்கம்பியை முதலில் புதிதாக மாற்றினேன். பழம்பொருள் சேர்ப்போர் இதில் அலட்சியம் காட்டக் கூடாது. பக்கத்து வீட்டாரின் புதிய கருவியை இரவல் வாங்கினேன். பை காலியாக இருந்தபோது, சமையலறைத் தராசில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பையைப் பாதி நிரப்பிச் சோதித்தபோது கிழவர் மூச்சு வாங்கினார். பீங்கான் தரையில் விளக்குமாறு இருவரையும் முந்தியது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "ஐயா, பையை உதறும்போது பாதித் தூசு திரும்ப வீட்டுக்குள்ளேயே வருதே, அதை எந்தத் தராசுல நிறுத்த?"

அடுத்த ஞாயிறு பையை வாசலில் உதறாமல், பழைய வேட்டியை விரித்து அதன்மேல் உதறி நிறுக்கவிருக்கிறேன்.