கக்குற பிள்ளை தக்கும் – ஒரு சின்ன வரலாறு

"கக்குற பிள்ளை தக்கும்" என்று எங்கள் பக்கத்துப் பாட்டிகள் சொல்வார்கள். பால் குடித்த குழந்தை அதில் கொஞ்சத்தைத் தோளில், மடியில், பாயில் கக்கிவிட்டால் பயப்படாதே, அந்தப் பிள்ளை பிழைத்து நன்றாக வளரும் என்று அர்த்தம். இன்றைக்கு டாக்டர்கள் இதற்கு ரிஃப்ளக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரைப்பைக்குப் போன பாலும் அமிலமும் திரும்ப மேலே வருவது. நம் தமிழில் எதுக்களிப்பு என்ற நல்ல சொல் ஏற்கனவே இருக்கிறது.

நான் வணிகவியல் படிப்பவன், மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனாலும் இந்த எதுக்களிப்பின் வரலாற்றைப் படிக்கப் படிக்க ஒன்று தோன்றியது. பாட்டி சொன்னது "ஒன்றும் செய்யாதே" என்று. ஆனால் அதே பாட்டி முதல் பன்னாட்டுக் கம்பெனி வரை எல்லோரும் குழந்தையின் வாயில் எதையாவது ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கைக்குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 150 மில்லி பால் தேவை. நாலு கிலோ குழந்தை என்றால் 600 மில்லி. இதே கணக்கை 60 கிலோ எடையுள்ள ஆளுக்குப் போட்டால் 9 லிட்டர் வருகிறது. 9 லிட்டர் பாலைக் குடித்துவிட்டு நாள் முழுக்கப் படுத்தே இருங்கள் பார்ப்போம்! அதோடு உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கும் தசை வளையம் குழந்தைக்கு இன்னும் சரியாக இறுகியிருக்காது. பிறகு பால் மேலே வராமல் என்ன செய்யும்? 1997-ல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், மூன்று மாதம் வரையுள்ள குழந்தைகளில் பாதிப் பேர் தினம் ஒரு முறையாவது கக்கினார்கள். நாலாவது மாதத்தில் இது 67 சதவீதம் ஆனது. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் வெறும் 5 சதவீதம். அதாவது பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. பாட்டியின் பழமொழிக்குக் கிடைத்த புள்ளிவிவரம் என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் அந்தப் பாட்டி சும்மா இருந்தாரா என்றால், இல்லை. சித்த வைத்தியத்தில் குழந்தை நோய்களுக்கு என்றே பாலவாகடம் என்ற தனிப் பிரிவு உண்டு. அதில் மாந்தம் என்பது பெரிய குடும்பம். பால் மாந்தம், செரியா மாந்தம் என்று வரிசையாகப் போகும். பால் செரிக்காமல் கக்குவது, வயிறு உப்புவது எல்லாம் இதில் அடங்கும். அதற்கு வீட்டில் உரை மருந்து. ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு இவற்றை உரைகல்லில் இழைத்து, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவது. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். இரவில் அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் "பேர் சொல்லாதது" என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், வசம்பு அளவு கூடினால் அதுவே வாந்தியை உண்டாக்கும்.

அதற்கும் கேட்கவில்லை என்றால் உரம் விழுந்துவிட்டது என்று துணியில் போட்டு உருட்டுவது, குடல் தட்டுவது. நம் வட மாவட்டங்களில் தொக்கம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். குழந்தையின் தொண்டையில், வயிற்றில் சிக்கிய பழைய உணவைக் குழல் வைத்து உறிஞ்சி எடுத்ததாகக் காட்டுவார்கள். டாக்டர்கள் இதைக் கண்கட்டு வித்தை என்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வாரக்கணக்கில் வயிற்றில் அப்படியே உட்கார்ந்திருக்க உணவுக்கு வழியே இல்லை.

இப்போது கிரைப் வாட்டர் கதைக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இது வியாபாரக் கதை.

இங்கிலாந்தில் நாட்டிங்காம் என்ற ஊரில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் இருந்தார். 1840-களில் அங்கே சதுப்பு நிலப் பகுதிகளில் ஒரு காய்ச்சல் பரவியிருந்தது. அந்தக் காய்ச்சல் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்த மருந்து வயிற்று உபாதையையும் அடக்குகிறது என்று கவனித்தார். அதை வைத்து 1851-ல் தன் கலவையைத் தயாரித்தார். சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, ஆல்கஹால், தண்ணீர். 1876-ல் கிரைப் வாட்டர் என்ற பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார். லேபிளில் ஒரு குழந்தை இரண்டு பாம்புகளைப் பிடித்து நெரிக்கும். அது கிரேக்கக் கதையில் வரும் ஹெர்குலிஸ். நம் ஊரில் பார்ப்பவர்களுக்கு அது காளிங்கனை அடக்கிய கண்ணனாகத் தெரிந்தால் ஆச்சரியமில்லை. விளம்பரத்துக்குக் காசு கொடுக்காமல் கிடைத்த லாபம்!

இந்தியாவில் இதை வீடு வீடாகக் கொண்டுபோனது சென்னையின் டி.டி.கே. நிறுவனம். 1928-ல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி தொடங்கியது. பிறகு நாட்டின் நிதியமைச்சராக இருந்து, முந்த்ரா விவகாரத்தில் 1958-ல் ராஜினாமா செய்த அதே டி.டி.கே.தான் (எங்கள் பாடத்தில் எல்.ஐ.சி. பற்றிப் படிக்கும்போது இவர் வருவார்). தூர்தர்ஷன் காலத்து விளம்பரத்தை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழந்தை அழும். ஒரு தலைமுறை அம்மா அடுத்த தலைமுறை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே போவார், நீ சின்னக் குழந்தையாக இருந்தபோது நானும் இதைத்தான் கொடுத்தேன் என்று. யோசித்துப் பாருங்கள். டாக்டர் இல்லை, ஆராய்ச்சி இல்லை, பாட்டியின் வாக்கு மட்டும்தான் சாட்சி. உரை மருந்துக்கு இருந்த அதே நம்பிக்கையை அப்படியே பாட்டிலுக்குள் ஊற்றிவிட்டார்கள். மார்க்கெட்டிங் பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, அது வேலை செய்ததா? இங்கிலாந்தில் விற்ற பழைய கலவையில் ஆல்கஹால் 3.6 சதவீதம் இருந்தது. பாட்டிலில் போட்டிருந்த அதிகபட்ச அளவுக்குத் தினமும் கொடுத்தால், 80 கிலோ மனிதர் ஐந்து சிறு கிளாஸ் விஸ்கி குடித்ததற்குச் சமம் என்று 2000-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் கணக்குப் போட்டு எழுதினார். குழந்தை ஏன் அமைதியானது என்று இப்போது புரிகிறதா? 1992-ல் அங்கே ஆல்கஹாலை நீக்கினார்கள். நம் கடைகளில் இப்போது கிடைக்கும் உட்வர்ட்ஸிலும் ஆல்கஹால் கிடையாது. ஆனால் எதுக்களிப்பைக் கிரைப் வாட்டர் நிறுத்தும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இன்றுவரை இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கருணாபுரத்தில் இருந்துகொண்டு ஆல்கஹால் என்ற சொல்லைச் சாதாரணமாக எழுத முடியாது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் எங்கள் பகுதியிலும் சுற்றியும் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கிரைப் வாட்டரில் இருந்தது எத்தனால், அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக்குவது என் நோக்கமல்ல. ஆனால் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் வாங்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகு போய்விட்டது.

நாட்டு வைத்தியத்தையும் கம்பெனியையும் மட்டும் குறை சொன்னால் நியாயமாக இருக்காது. நவீன மருத்துவமும் இதில் நிறையத் தடுமாறியிருக்கிறது. 1947-ல் நியூஹவுசர், பெரன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், அந்தத் தசை வளையம் தளர்வதால்தான் சில குழந்தைகள் வாந்தி எடுக்கிறார்கள் என்று எக்ஸ்ரே ஆதாரத்தோடு எழுதினார்கள். அதன்பின் குழந்தையைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைக்கும் சிகிச்சை பரவியது. 1983-ல் சோதித்துப் பார்த்தபோது நாற்காலியில் எதுக்களிப்பு கூடுகிறது என்று தெரிந்தது! உடம்பு மடங்கி வயிறு அமுங்குகிறதாம். குப்புறப் படுக்க வைத்தால் குறைகிறது என்றார்கள். ஆனால் குப்புறத் தூங்கும் குழந்தைகள் தூக்கத்திலேயே இறப்பது அதிகம் என்று தெரியவந்து, 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனும் அமெரிக்காவும் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று மாற்றிச் சொன்னார்கள். எதுக்களிக்கும் குழந்தைக்கும் இன்று அதே அறிவுரைதான்.

மாத்திரைக் கதையும் உண்டு. சிசாப்ரைடு என்ற மருந்து குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. இதயத் துடிப்பைக் கெடுக்கிறது என்று 2000-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். இந்தியாவில் தடை வந்தது 2011-ல்! நடுவில் போன ஆண்டுகளை நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள். 2009-ல் வெளியான ஆய்வில் 162 குழந்தைகளில் பாதிப் பேருக்கு லான்சோபிரசோல், பாதிப் பேருக்கு வெறும் போலி மருந்து. இரண்டு பக்கமும் சரியாக 54 சதவீதம் பேருக்கு அழுகை குறைந்தது. மருந்து சாப்பிட்ட பக்கத்தில் கடுமையான பாதிப்புகள் மட்டும் அதிகம்.

இத்தனைக்கும் நடுவில் நம் வீட்டுச் சங்கை மறந்துவிடக் கூடாது. பாலாடை என்றும் சொல்வார்கள், ஒரு பக்கம் மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். வெள்ளியிலோ பித்தளையிலோ இருக்கும். இப்போது எவர்சில்வர், பிளாஸ்டிக்கிலும் வந்துவிட்டது. மார்பில் உறிஞ்சிக் குடிக்க வலு இல்லாத, எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு, பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை இதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். நன்றாகக் கழுவலாம், பாட்டிலின் ரப்பர் காம்பு போல அழுக்கு ஒளிந்துகொள்ளாது. இந்திய மருத்துவர்கள் பாலாடை, கப், பாட்டில் மூன்றையும் ஒப்பிட்டு 1999-ல் ஆய்வு வெளியிட்டார்கள். 2011-ல் உலக சுகாதார நிறுவனம், மார்பில் குடிக்க முடியாத எடை குறைந்த குழந்தைகளுக்குக் கப் அல்லது பாலாடை அல்லது ஸ்பூனால் கொடுங்கள் என்று வழிகாட்டுதலில் எழுதியபோது, பாலாடை என்ற நம் சொல்லையே போட்டது. கிரைப் வாட்டர் அங்கிருந்து இங்கே வந்தது, பாலாடை இங்கிருந்து அங்கே போனது. எனக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் அதே சங்கு கொன்றும் இருக்கிறது. குழந்தையைக் காலில் மல்லாக்கப் போட்டு, தலையைத் தாழ்த்தி, மூக்கைப் பிடித்து ஊற்றினால் பால் போகும் இடம் இரைப்பை அல்ல, நுரையீரல். ஏற்கனவே எதுக்களிக்கும் குழந்தைக்கு இது இரட்டை ஆபத்து. பால்கூடப் பரவாயில்லை, விளக்கெண்ணெய், நெய் போன்றவை இறங்கினால் வெளியே எடுக்கவே முடியாது. இருமலைக்கூடத் தூண்டாமல் எண்ணெய் நழுவிப் போய்விடும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட இந்த எண்ணெய் நிமோனியா பற்றி 1973-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரையே வந்திருக்கிறது. ஆக, குழந்தையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்து, அது விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. சங்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால் பிடிக்கும் கையைப் பொறுத்தது என்றுதான் சொல்ல முடியும்.

இன்னொரு சேதம் சத்தமில்லாமல் நடப்பது. குழந்தை கக்குகிறது, முதுகை வில்லாக வளைக்கிறது, மார்பிலிருந்து முகத்தைத் திருப்புகிறது. உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும், "உன் பால் பிள்ளைக்கு ஒத்துக்கல" என்று. அந்தத் தாய் அழுதுகொண்டே பால்மாவுக்கு மாறுவாள். மாட்டுப்பால் புரதம் சேராததும் சில குழந்தைகளுக்கு இதே போன்ற கக்கலைத் தரும், அதனால் மாறிய பிறகு மோசமாகவும் ஆகலாம். (அந்த வில் வளைவைப் பலர் வலிப்பு என்றே நினைத்துவிடுகிறார்கள். எதுக்களிப்போடு வரும் வளைவு வேறு என்று கின்ஸ்போர்ன் என்பவர் 1964-ல் எழுதினார்.) பால்மாவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்யக்கூடாது என்று இந்தியாவில் 1992-ல் சட்டம் வந்து, 2003-ல் இன்னும் இறுக்கப்பட்டது. ஆனால் மாமியாரின் தீர்ப்பை எந்தச் சட்டம் தடுக்கும்?

பழமொழி எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறந்து மூன்று முதல் ஆறு வாரத்தில் பால் பீய்ச்சி அடிப்பது போல வாந்தி வந்தால் இரைப்பையின் கீழ் வாய் அடைபட்டிருக்கலாம். ஜெர்மனியின் ராம்ஸ்டெட் 1912-ல் எழுதிய சின்ன அறுவை சிகிச்சைதான் இன்றும் அதற்கு வழி. பச்சை நிறத்தில் வாந்தி, ரத்தம், பால் குடிக்கவே மறுப்பது, மூச்சுத் திணறல் எல்லாம் உரைகல்லைத் தேடும் நேரமல்ல. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவது சுலபமில்லை. ஆனால் 2022-லிருந்து இங்கே அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

கக்குற பிள்ளை தக்குகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத் தராசுதான். முதல் மூன்று மாதத்தில் குழந்தை தினம் 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். 1980-ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, கிராமத்திலேயே மாதாமாதம் குழந்தைகளை எடை போட்டு அட்டையில் கோடு வரைந்தார்கள். அதில் ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்கள்தான் கணக்கு. எதுக்களிப்பு உச்சத்தில் இருக்கும் நாலாம் மாதம் வெளியே நின்றுவிட்டது. இன்று அங்கன்வாடியில் பிறந்ததிலிருந்தே எடை போடலாம். கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால் கக்கிய பாலைத் துடைத்துவிட்டு, சிறுகச் சிறுகக் கொடுத்து, கொஞ்ச நேரம் தோளில் போட்டு வைத்திருந்தால் போதும். கோடு படுத்துவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.