தனாக்ராப் பெண்ணும் கொலுப் பொம்மையும்



கலை என்று சொன்னவுடன் நம் மனம் கல்லையும் செம்பையும் பொன்னையும் நாடி ஓடுகிறது. அவுக்கண புத்தரையும் சோழர் காலத்து ஆடவல்லானையும் எண்ணி வியக்கிறோம். சட்டியும் பானையும் செய்யும் மண்ணுக்கு நம் இலக்கிய மேடைகளில் இடம் கிடைப்பது அரிது. இன்று அந்த மண்ணைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பேச்சைத் தொடக்கி வைத்தவள் என் பேத்தி.

அவள் உயர்தர வகுப்பில் கிரேக்க உரோம நாகரிகத்தை ஒரு பாடமாகப் படிக்கிறாள். ஒரு மாலை, மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த நேரம், புத்தகம் ஒன்றை என் முன்னால் விரித்தாள். அதில் ஒரு பெண்ணின் உருவம். தலையிலிருந்து கால்வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையால் அதன் தலைப்பைப் பற்றியபடி, எங்கோ புறப்பட்டவள் எதையோ நினைத்து நின்றுவிட்டதைப் போல நின்றாள்.

"தாத்தா, இது நம்ம வீட்டுக் கொலுப் பொம்மை மாதிரியே இருக்கே!" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். பிள்ளை சொன்னதில் பிழையே இல்லை.

படத்தில் இருந்தவள் தனாக்ராப் பெண். கிரேக்க நாட்டில் பியோஷியா என்றொரு பகுதி. அங்கே தனாக்ரா என்று ஒரு சிறு ஊர். 1870ஆம் ஆண்டளவில் அந்த ஊர் உழவர்களின் மண்வெட்டியில் பழைய கல்லறைகள் தட்டுப்பட்டன. உள்ளே, இறந்தவர்களுக்குத் துணையாக வைக்கப்பட்ட சுடுமண் பாவைகள் கிடந்தன. பெரும்பாலானவை ஒரு சாண் உயரத்துக்கு உட்பட்டவை. விசிறி பிடித்த பெண்கள், அகன்ற தொப்பி அணிந்த பெண்கள், சிறுவர், சிறுமியர். தெய்வங்களும் உண்டு. ஆனால் உலகத்தின் உள்ளத்தைக் கவர்ந்தவர்கள் இந்தச் சாதாரண மானிடப் பெண்கள்தான். கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏதென்ஸ் நகரில் தோன்றிய இந்தப் பாணி தனாக்ராவில் செழித்து, கிரேக்க உலகம் முழுவதும் பரவியது.

செய்தி பரவியதும் கல்லறைகள் சூறையாடப்பட்டன. முறையான அகழாய்வு தொடங்குமுன்பே ஆயிரக்கணக்கான குழிகள் தோண்டப்பட்டுவிட்டன. 1878இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்தப் பாவைகள் காட்டப்பட்டபோது ஐரோப்பாவே மயங்கியது. ஒஸ்கார் வைல்ட் தம் 'டோரியன் கிரேயின் ஓவியம்' நாவலில் நாடக நடிகை ஒருத்தியின் நளினத்துக்குத் தனாக்ராப் பாவையை உவமையாக்கினார். ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே அவற்றைப் பற்றி ஒரு கவிதையே எழுதினார். வாங்க ஆள் இருந்தால் விற்கப் பொருள் வேண்டுமல்லவா? போலிகளும் புறப்பட்டன. இன்றும் நூதனசாலைகளில் பழைய சேகரிப்புகளை ஆராய்கிறவர்கள், இது மெய்யா, பொய்யா என்று மண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவை எப்படிச் செய்யப்பட்டன என்பதைச் சொன்னால் என் பேத்தியின் பேச்சு விளங்கும். முதலில் கையால் ஒரு மூல உருவம். அதன்மேல் மண்ணை அப்பி, முன்பக்கத்துக்கு ஒன்றும் பின்பக்கத்துக்கு ஒன்றுமாக அச்சுகள் எடுத்துச் சுட்டுக்கொள்வார்கள். அந்த அச்சுகளில் ஈரமண்ணை மெல்லிதாக அழுத்தி எடுத்து, இரண்டு பாதிகளையும் குழைமண்ணால் ஒட்டுவார்கள். உள்ளே வெற்றிடம். தலையும் கையும் பெரும்பாலும் தனி அச்சு. ஒரே உடலில் வேறு வேறு தலைகளைப் பொருத்தி, தலையைச் சற்றே சாய்த்தால் போதும், புதியதொரு பெண் பிறந்துவிடுவாள். சூளையில் வெடித்துவிடாதபடி முதுகில் ஒரு துளை விடுவார்கள். உருவத்துக்கு வெள்ளைக் களிமண் குழம்பு பூசி, சுட்டெடுத்தபின் நீலம், இளஞ்சிவப்பு, செம்பழுப்பு என்று வண்ணம் தீட்டுவார்கள். அந்த வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிறிய மண்ணாக நிற்கும் அந்தப் பெண்கள், ஒருகாலத்தில் நம் கொலுப் பொம்மைகளைப் போலப் பளிச்சென்று இருந்தவர்கள்.

தமிழ்நாட்டில் மதுரைக்கருகே விளாச்சேரியிலும், பண்ணுருட்டியிலும் பொம்மை செய்கிறவர்களும் அச்சைத்தான் நம்புகிறார்கள். முன்பாதி, பின்பாதி, ஒட்டு, வண்ணம். இதனால் கிரேக்கர் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்றோ, நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தோம் என்றோ நான் வாதாட வரவில்லை. யவனர் நம் பக்கம் வந்ததும், அநுராதபுரத்தில் யவனருக்கென்று இடம் ஒதுக்கப்பட்டதாக மகாவம்சம் கூறுவதும் வேறு கதை. மண்ணும் நெருப்பும் மனிதக் கையும் எங்கும் ஒன்றுதான். ஒரே கேள்விக்கு இரண்டு ஊர்க் குயவர்கள் ஒரே விடையைக் கண்டுபிடித்தால் அதில் அதிசயம் என்ன?

இந்தப் பாவைகளைச் செய்தவர்களை அவர்களுடைய நாடு எப்படி மதித்தது? அவர்களைக் 'கொரோப்பிளாதோஸ்' என்று அழைத்தார்கள். பெண்பாவை பிசைகிறவன் என்று பொருள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஐசோக்ரடீஸ் என்ற பேரறிஞர் தம் மாற்றுரை ஒன்றில், தம்மைச் சாதாரண வழக்குரை எழுதுகிறவர்களோடு சேர்த்துப் பேசுவது, அதீனா தேவியின் பெருஞ்சிலையை வடித்த ஃபிடியாஸைப் பொம்மைக்காரன் என்று சொல்வதற்கு ஒப்பாகும் என்று வெகுண்டார். மேலோருக்கும் தாழ்ந்தோருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்ட அவருக்குக் கிடைத்த அளவுகோல் பொம்மைக்காரன்!

காலம் இந்த வழக்கில் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பொன்னாலும் தந்தத்தாலும் ஃபிடியாஸ் செய்த அந்த அதீனா இன்று இல்லை. ஒலிம்பியாவில் அவர் செய்த சீயஸ் சிலையும் இல்லை. பொன்னை உருக்கிவிடலாம், வெண்கலத்தை ஆயுதமாக்கலாம், சலவைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கலாம். சுட்ட மண்ணை என்ன செய்வது? உடைக்கலாம், அவ்வளவுதான். உடைந்த பிறகும் அது மண்ணாக மாறாது. யாருக்கும் வேண்டாதது என்ற காரணத்தாலேயே அது பிழைத்துக்கிடந்தது.

கண்டி மாநகரில் இருந்துகொண்டு இதை யோசிக்கிறபோது, ஒரு பெரியவரின் நினைவு வராமல் இருக்காது. அவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்த தமிழர். நிலவியல் கற்று, இந்நாட்டின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கியவர். பாறைகளைத் தேடிக் கண்டி நாட்டுக் கிராமங்களில் அலைந்தவரின் கண்ணில் பாறைகளைவிட மனிதர்கள் பெரிதாகப் பட்டார்கள். தச்சர், கொல்லர், நெசவாளர், குயவர் ஆகியோருடன் இருந்து அவர்களின் தொழிலையும் வாழ்க்கையையும் பதிந்துகொண்டார். பழைய கட்டடங்களும் கைத்தொழில்களும் அழிவதைத் தடுக்குமாறு 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 1908இல் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற அவரது பெருநூல் இங்கிலாந்தில் அச்சாகி வெளிவந்தது. அந்நூலில் குயவனும் மண்பாண்டமும் ஓடும் மற்றக் கலைகளோடு சமமாக அமர்ந்திருக்கின்றன. பானை வனைகிறவனைப் பற்றிக் கலைநூலில் எழுதலாமா என்று அவர் தயங்கவில்லை.

1917இல் அவர் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் பணி ஏற்றார். 1947இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். அந்த நூதனசாலையின் கிரேக்கச் சேகரிப்பில் சுடுமண் பாவைகளும் உண்டு. அதே கூரையின் கீழ் இருந்துகொண்டுதான் 1928இல் குமாரசுவாமி இந்தியாவின் தொன்மையான சுடுமண் உருவங்களைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். அதற்கு முந்திய ஆண்டு, புத்தர் உருவம் கிரேக்கர் தந்த கொடை என்ற ஐரோப்பியக் கருத்தை மறுத்து, அதன் வேர் இந்திய மண்ணிலேயே இருந்தது என்று நிறுவ முனைந்தார். கிரேக்கத்தின் அழகை அவர் அறியாதவர் அல்லர். அந்த அழகுக்கு வணக்கம் சொல்வதற்காக நம் வீட்டுக் குயவனைக் குனிய வைக்க வேண்டியதில்லை என்பதே அவர் கட்சி.

நேயர்களே, தலதா மாளிகையின் பின்புறம், அரசியர் வாழ்ந்த பல்லே வாஹல மாளிகையில் கண்டித் தேசிய நூதனசாலை இருக்கிறது. நம்மில் பலர் அங்கே பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை போனதோடு சரி. மறுமுறை போனால் வாளையும் நகையையும் பார்த்துவிட்டு, வெளியே வந்து சற்றே அண்ணாந்து பாருங்கள். கண்டிய முறைக் கட்டடங்களின் கூரை தட்டையான சிறு ஓடுகளால் வேயப்பட்டது. அதன் இறவாரத்தில் வரிசையாக நிற்கும் ஓடுகளில் பூவும் கொடியும், சில இடங்களில் அன்னமும் சிங்கமும் புடைப்பாக இருக்கும். அவையும் அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டவைதான். பழைய கிரேக்கக் கோயில்களின் கூரை விளிம்பிலும் இதே போலச் சுடுமண் முகங்கள் வரிசையாக நின்றன. அவை இன்று கண்ணாடிப் பெட்டிகளில். நம்முடையவை மழையில் நனைகின்றன. ஒன்று விழுந்து உடைந்தால் கூட்டி எறிந்துவிடுகிறோம்.

இந்த நாட்டில் பழைய சுடுமண் பாவைகளே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. புத்தளம் பக்கத்துத் தப்போவைப் பகுதியில் மனித உருவங்களும் விலங்கு உருவங்களும் கிடைத்தன. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பீ.ஈ.பீ. தெரணியகல அவற்றை ஆராய்ந்து எழுதினார். சுடாத மண்ணுக்கும் இங்கே பெரிய கலை ஒன்று இருக்கிறது. சிங்கள மக்களின் பலிச் சடங்கில் கிரக தேவதைகளைப் பச்சை மண்ணால் பேருருவாக அமைத்து, வண்ணம் தீட்டி, இரவெல்லாம் பாடி வழிபட்டு, விடிந்ததும் அழித்துவிடுவார்கள். கிரேக்கன் பாவையைச் சுட்டுக் கல்லறைக்குள் வைத்தான். இங்கே ஓரிரவுக்கென்றே ஒரு தெய்வத்தைப் பிசைகிறார்கள். நம் வீட்டில் பிள்ளையாரைப் பிடித்து வைத்துப் பின் நீரில் கரைப்பதும் இந்த வழிதான். நிலைத்திருப்பது ஒன்றே கலையின் இலக்கணம் என்று யார் சொன்னது?

இப்போது பேத்தி சொன்ன கொலுப் பொம்மைக்கு வருகிறேன்.

என் தாயார் மணமாகித் திருச்சிப் பக்கமிருந்து கண்டிக்கு வந்தபோது, தகரப் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே ஒரு பொம்மையைச் சுற்றிக் கொண்டுவந்தார். இடுப்பில் குடம் ஏந்திய பெண். ஒரு முழம்கூட இராது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் அவளே எங்கள் கொலுவின் முதல் படிக்கு உரியவள். "இவ எங்க ஊர்க்காரி" என்பார் அம்மா.

1983 ஜூலையில் நாங்கள் வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தது. அந்த நாள்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விரித்துரைக்கப் போவதில்லை. திரும்பி வந்தபோது கொலுப் பெட்டி முற்றத்தில் தூளாகிக் கிடந்தது. சில நாள் கழித்து, பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மையார் சேலைத் தலைப்பில் எதையோ முடிந்துகொண்டு வந்தார். அவிழ்த்துக் காட்டினார். குடமேந்திய பெண்ணின் தலை. மழைக்கு முன்பே பொறுக்கி எடுத்து வைத்திருந்தாராம். இரண்டு பெண்களும் ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணீர் ஊற்றக்கூட அன்று எங்கள் வீட்டில் கோப்பை இல்லை.

அந்தத் தலையை அம்மா ஒரு தேயிலைத் தகரத்தில் போட்டு வைத்தார். மூக்கு நுனியில் சிறு சிதைவு. கண்ணிமையின் கறுப்பு மட்டும் இன்னும் அழியவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தகரம் என்னிடம் இருக்கிறது.

பேத்தியிடம் அதைத் திறந்து காட்டினேன். அவள் கையில் ஏந்தி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கிரேக்கப் பாவைகளிலும் தலை மட்டும் நிறையக் கிடைச்சிருக்கு தாத்தா. உடம்பு உள்ளே வெறுமை, அதனால நொறுங்கிப்போகும். தலை கெட்டி" என்று பாடம் சொன்னாள். பிறகு கேட்டாள்: "இதைச் செஞ்சது யாரு?"

எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. சிறிய ஆசியாவின் மிரினா என்ற பழைய நகரில் 1880க்கும் 1882க்கும் இடையில் பிரெஞ்சு ஆய்வாளர் அகழ்ந்தெடுத்த பாவைகள் சிலவற்றின் முதுகில் செய்தவர் பெயர் இருக்கிறது. டிஃபிலோஸ் என்பது அவற்றுள் ஒன்று. ஐசோக்ரடீஸ் ஏளனமாகச் சுட்டிய கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனை இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. நேற்று எங்கள் வீட்டுப் பொம்மையைச் செய்தவருக்குப் பெயர் இல்லை.

அன்றிரவு பேத்தி ஒரு சிறு அட்டையில் நூதனசாலை முறைப்படி எழுதினாள். பொருள்: பெண் தலை. மூலப்பொருள்: சுடுமண், வண்ணம். ஊர்: திருச்சிராப்பள்ளிப் பக்கம். கிடைத்த இடம்: கண்டி, 1983. காத்துக் கொடுத்தவர் என்று ஒரு வரி எழுதி, அதில் அந்த அம்மையாரின் பெயரையும் சேர்த்தாள். செய்தவர் என்ற இடத்தை வெறுமையாக விட்டாள்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதேனும் இருக்கும். பாட்டியின் பொம்மையோ, பழைய ஓடோ, விளக்கோ. எறிந்துவிடுமுன் ஒரு துண்டுத் தாளில் அது வந்த ஊரையும் ஆண்டையும் எழுதி அதனோடு வையுங்கள். செய்தவரின் பெயர் தெரிந்தால் கட்டாயம் எழுதுங்கள். தெரியாவிட்டால், வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். நான் கேட்கத் தவறிவிட்டேன்.