ஒரு மேற்கோளுக்கு எத்தனை ஆண்டுகள்?

'கட்டுமரம்' என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் எப்போது நுழைந்தது? விடை தேடுவோர் வழக்கமாக நாடும் நூல், ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பழைய நூல்களின் மேற்கோள்களை ஆண்டு வரிசையில் அடுக்கிக் காட்டுவது அதன் முறை. கட்டுமரத்திற்கு அதிலுள்ள ஆங்கிலச் சான்றுகளுள் பழையது 1673 என்னும் ஆண்டைத் தாங்கி நிற்கிறது. அதற்குரியவர் ஜான் பிரையர் என்னும் மருத்துவர்.

ஆனால் 1673 என்பது பிரையர் சோழமண்டலக் கரையை அடைந்த ஆண்டு. அவருடைய பயண நூல் இலண்டனில் அச்சேறியது 1698இல். இடைவெளி 25 ஆண்டுகள். இதற்கிடையில், 1697இல், வில்லியம் டாம்பியரின் உலகப் பயண நூல் வெளிவந்துவிட்டது. தென்னமெரிக்கக் கரையின் மரத்தெப்பங்களை விவரிக்கும் இடத்தில், சோழமண்டலக் கரையில் இத்தகையவற்றைக் கட்டுமரம் என்பர் என்று டாம்பியர் குறிக்கிறார். பயண ஆண்டைக் கொண்டால் பிரையர் முந்துகிறார். அச்சு ஆண்டைக் கொண்டால் டாம்பியர் முந்துகிறார்.

அதே பதிவில் 1583ஆம் ஆண்டின் கீழ் வெனிசு நகர வணிகர் காஸ்பரோ பால்பியின் மேற்கோளும் உண்டு. அவருடைய இத்தாலிய நூல் அச்சானது 1590இல். அகராதியில் உள்ளதோ ஆங்கில மொழிபெயர்ப்பு. அம்மேற்கோளில் கட்டுமரத்தின் பெயர் மட்டுமே பதினாறாம் நூற்றாண்டிற்குரியது. சுற்றியுள்ள ஆங்கிலச் சொற்கள் மொழிபெயர்த்தவரின் காலத்தவை. அவற்றுள் ஏதேனும் ஒன்றை 1583இன் ஆங்கில வழக்கு என்று ஒருவர் எடுத்தாண்டால், மொழி வரலாறே தடம் புரளும்.

இச்சிக்கலை அகராதித் துறை படிப்படியாகவே உணர்ந்தது. சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி பெரும்பாலும் ஆசிரியர் பெயரோடு நின்றுவிட்டது. மேற்கோள்களைச் சுருக்கியதையும் மாற்றியதையும் அவரே முன்னுரையில் ஒப்புக்கொண்டார். பின்னர் உருவான ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காகத் தன்னார்வ வாசகர்கள் சொல், ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், தொடர் ஆகியவற்றைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி அனுப்பினர். 1884இல் முதற்பகுதி வெளிவந்து 1928இல் நிறைவுற்ற அப்பெரும்பணிக்கு இச்சீட்டுகளே அடித்தளம்.

இன்று இணையத்தில் இயங்கும் விக்சனரியின் மேற்கோள் வார்ப்புரு அச்சீட்டின் வழித்தோன்றல் எனலாம். வேறுபாடு ஒன்றுண்டு: நூலின் மூல ஆண்டு, கையாளப்பட்ட பதிப்பின் ஆண்டு, மொழிபெயர்ப்பாளர், பக்கம் என ஒவ்வொன்றுக்கும் அதில் தனிக் கட்டம் உண்டு. அடிக்கடி எடுத்தாளப்படும் நூல்களுக்குத் தனி வார்ப்புருக்களும் உள்ளன. அவற்றில் பக்கத்தையும் தொடரையும் இட்டாலே போதும், நூல் விவரம் தானே நிரம்பும். இதன் நன்மையும் இடரும் ஒன்றே. வார்ப்புருவில் ஆண்டு சரியாக இருந்தால் அதைப் பயன்படுத்தும் எல்லாப் பதிவுகளிலும் சரியாக இருக்கும். பிழையாக இருந்தால் எல்லாவற்றிலும் பிழையே.

தமிழுக்கு இக்கட்டங்கள் இன்னும் இன்றியமையாதவை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, நூற்பெயர்ச் சுருக்கத்தையும் பாடல் எண்ணையும் மேற்கோளோடு தருகிறது, ஆண்டு தருவதில்லை. புறநானூற்றுப் பாடல் ஒன்றுக்குப் பாடப்பட்ட காலம் வேறு, தொகுக்கப்பட்ட காலம் வேறு, உ. வே. சாமிநாதையர் அச்சிட்ட 1894 வேறு. சுவடிக்குச் சுவடி பாடவேறுபாடும் உண்டு. ஆகவே பதிப்பைக் குறிக்காத மேற்கோள், எந்தப் பாடத்தைச் சான்றாகக் கொண்டது என்பதையே மறைத்துவிடும்.

காலத்தை உறுதியாகக் கூற இயலாத இடத்தில் அக்கட்டத்தை வெறுமையாக விடுவதே நேர்மை. ஊகித்து இட்ட ஓர் எண், பத்துப் பதிவுகளைக் கடந்தபின் வரலாறாகிவிடும்.