பொலிஸ்காரரின் மனச்சுமை: யாரிடம் இறக்கி வைப்பது?

என்னிடம் சாதாரண தரம் வரை படித்த ஒருவர் இப்போது பொலிஸ் கான்ஸ்டபிளாக இருக்கிறார். லீவில் ஊருக்கு வந்தால் அஸருக்குப் பின் என் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போவது வழக்கம். சென்ற முறை வந்தவர் தேநீர் ஆறிப்போகும் வரை வாய் திறக்கவில்லை. கிணற்றில் விழுந்த ஒரு குழந்தையின் மையித்தை வெளியே எடுத்தது தான்தான் என்றும், மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை என்றும், மனைவி தன் பிள்ளையைக் குளிப்பாட்டுவதைக்கூடப் பக்கத்தில் நின்று பார்க்க முடியவில்லை என்றும் மெல்ல மெல்லச் சொன்னார்.

"மகன், ஒரு டொக்டரிட்ட காட்டினா என்ன?" என்று கேட்டேன்.

"காட்டினா பைலில ஏறிடும் சேர். பொறகு துவக்கைத் தரமாட்டாங்க. புரமோஷன் நேரம் அதைத்தான் எடுத்துப் போடுவாங்க. ஸ்டேஷன்ல எல்லாரும் அங்கொடை கேஸ் எண்டு சொல்லுவாங்க" என்றார்.

அவர் பயந்தபடியே எல்லாம் நடக்குமா என்பது வேறு கதை. அந்தப் பயம் ஒன்றே அவரை மூன்று மாதமாக வைத்தியரிடம் போகவிடாமல் வைத்திருக்கிறது. வேறு நாடுகளின் பொலிஸ் திணைக்களங்களும் இதே இடத்தில் முட்டி நின்றிருக்கின்றன. அங்கேதான் சக உத்தியோகத்தர் ஆதரவு என்ற முறை பிறந்தது. அவர் போன பிறகு இதைப் பற்றித் தேடி வாசித்தேன். வாசித்ததில் எமக்குப் பயன்படும் என்று தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன்.

"பொலிஸாரின் மனநலம் பற்றி எமக்கென்ன?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அளுத்கமவையும் திகனவையும் மறக்காத சமூகம் இது. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2021 டிசம்பர் 24ஆம் திகதி திருக்கோவில் பொலிஸ் நிலையத்தில் நடந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கு கடமையில் இருந்த சார்ஜன்ட் ஒருவர் சுட்டதில் அவருடைய சக பொலிஸார் நால்வர் உயிரிழந்தனர். விடுமுறை மறுக்கப்பட்டதே காரணம் என்று அன்றைய செய்திகள் கூறின. காரணம் அது மட்டும்தானா என்பது நீதிமன்றத்தின் விடயம். எமது அம்பாறை மாவட்டத்திலேயே நடந்தது. ஒரு வாரம் பேசினோம், பிறகு மறந்துவிட்டோம். தூக்கமில்லாமல், கோபத்தோடு, துவக்கோடு இருக்கும் ஒரு மனிதரின் பாதிப்பு முதலில் அவர் மீதும், பிறகு கூட வேலை செய்பவர் மீதும், வீட்டிலுள்ள மனைவி மக்கள் மீதும் விழுகிறது. முறைப்பாடு கொடுக்கப் போய் நிலையத்து வாங்கில் காத்திருக்கும் நாமும் அந்த வரிசையில்தான் இருக்கிறோம்.

எமது ஊர்களில் இதற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான சிங்கள, முஸ்லிம் பொலிஸார் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். 2019 ஏப்ரல் 21 அன்று தெமட்டகொட வீட்டில் வெடித்த குண்டில் மூன்று பொலிஸார் இறந்தனர். தேவாலயங்களில் உடல்களைச் சேகரித்தவர்களிலும் பொலிஸார் இருந்தனர். இறந்தவர்களுக்கு நினைவுத் தூபி வைக்கிறோம். உயிரோடு வீடு திரும்பியவர் இரவில் தூங்கினாரா என்று கேட்கும் வழக்கம் எம்மிடம் இல்லை.

சக உத்தியோகத்தர் ஆதரவு என்பது கேட்பதற்கு எளிமையானது. சேவையில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற பொலிஸார் சிலர் தாமாக முன்வருகிறார்கள். காது கொடுத்துக் கேட்பது எப்படி, ஆபத்தான அறிகுறிகள் எவை, எந்தக் கட்டத்தில் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்படுகிறது. மனம் சோர்ந்த உத்தியோகத்தர் அவர்களை அழைத்துப் பேசலாம். அவர்கள் மருந்து கொடுப்பதில்லை, நோய்க்குப் பெயர் வைப்பதும் இல்லை. இரவுக் கடமை என்றால் என்ன, மரண விசாரணைக்கு உடலைக் கொண்டுபோவது எப்படியிருக்கும் என்பதை அவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. பாதிச் சுமை அதிலேயே குறைந்துவிடுகிறது. ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: உங்களுடைய லீவையும் இடமாற்றத்தையும் தீர்மானிக்கும் மேலதிகாரி உங்களுக்கு ஆதரவாளராக இருக்கக் கூடாது.

இதற்கு நல்ல உதாரணம் கனடாவின் மொன்றியல் நகரப் பொலிஸ். நாலாயிரத்துக்குச் சற்று அதிகமானோர் பணியாற்றும் அந்தச் சேவையில் 1997இல் தற்கொலைத் தடுப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. 'வாழ்வுக்காக ஒன்றிணைவோம்' என்ற பொருள் தரும் பெயரை அதற்கு வைத்தார்கள். எல்லாப் பொலிஸாருக்கும் அரைநாள் பயிற்சி. மேற்பார்வையாளர்களுக்கும் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கும் முழுநாள் பயிற்சி. தங்களுக்குக் கீழ் உள்ளவரிடம் தெரியும் மாற்றத்தை எப்படிக் கண்டுகொள்வது, எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதற்காக. தொண்டர்களான பொலிஸாரே பதில் சொல்லும் இரகசியத் தொலைபேசிச் சேவை ஒன்றும், பின்னணியில் உளவியலாளர்களும் இருந்தார்கள். உதவி கேட்பது வெட்கமல்ல என்று நிலையங்களுக்குள்ளேயே பிரசாரமும் செய்தார்கள்.

பிரையன் மிஷாரா, நோர்மன் மார்ட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் இதன் பெறுபேற்றை வெளியிட்டனர். திட்டத்துக்கு முந்திய 11 ஆண்டுகளில் தற்கொலை வீதம் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 30.5 ஆக இருந்தது. பிந்திய 12 ஆண்டுகளில் அது 6.4 ஆகக் குறைந்தது. அதாவது 79 வீத வீழ்ச்சி. அதே காலத்தில் கியூபெக் மாகாணத்தின் ஏனைய பொலிஸ் பிரிவுகளில் வீதம் குறையவில்லை. 29 அளவில் இருந்தது.

நான் கணிதமும் கற்பிப்பவன் என்பதால் ஒரு எச்சரிக்கை. நாலாயிரம் பேர் கொண்ட ஒரு சேவையில் இந்த வீதங்களை ஆட்களாக மாற்றினால் முன்னர் சுமார் 14 பேர், பின்னர் மூன்று நான்கு பேர் என்றுதான் வரும். எண்ணிக்கை சிறியது. நாலு பகுதிகளில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. இருந்தாலும், பக்கத்து ஊர்ப் பொலிஸில் குறையாதது இங்கே மட்டும் குறைந்தது தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தற்கொலை தடுக்க முடியாத விதி அல்ல என்பதற்கு எமது நாடே சாட்சி. 1995இல் இலட்சத்துக்கு 47 ஆக உச்சத்தில் இருந்த இலங்கையின் வீதம், கொடிய பூச்சிகொல்லிகள் தடை செய்யப்பட்ட பின் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியானது.

இனி இரகசியம் பற்றி. எனக்குத் தெரிந்தவரை முழு விடயமும் இதில்தான் தங்கியிருக்கிறது. ஆசிரியர் கலாசாலையில் உளவளத்துணை பற்றிப் படித்தபோது அதை ஒரு பரீட்சை விடையாகத்தான் மனனம் செய்தேன். முன்பு நான் கற்பித்த பாடசாலை ஒன்றில்தான் அது விளங்கியது. உளவளத்துணை அறையை அதிபரின் காரியாலயத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவோடு அமைத்திருந்தார்கள். சுவரில் அழகான வாசகங்கள் வேறு. ஒரு தவணை முழுக்க ஒரு பிள்ளைகூட வரவில்லை. பிறகு இடப் பற்றாக்குறையால் அந்த மேசையை நூலகத்தின் பின்மூலைக்கு மாற்ற வேண்டி வந்தது. பிள்ளைகள் புத்தகம் எடுக்கும் சாட்டில் வரத் தொடங்கினார்கள். அதே ஆசிரியைதான், மாறியது இடம் மட்டும். யார் பார்ப்பார்கள், யாருக்குப் போய்ச் சேரும் என்பதே அவர்களுடைய முதல் கேள்வியாக இருந்திருக்கிறது. கான்ஸ்டபிளுடைய முதல் கேள்வியும் அதுதான்.

அமானிதம் என்ற சொல் எமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு திணைக்களத்தில் அமானிதம் என்பது நல்ல மனிதரின் குணத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. அதற்கு ஒழுங்கு வேண்டும். பேசியவரின் பெயர் தனிப்பட்ட கோவைக்குப் போகக் கூடாது. பேசும் இடம் பொலிஸ் நிலையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். எத்தனை பேர் அழைத்தார்கள் என்ற எண்ணிக்கை மேலிடத்துக்குப் போகலாம், யார் என்பது போகக் கூடாது. முக்கியமாக, 'இவர் கடமைக்குத் தகுதியானவரா' என்று திணைக்களத்துக்காகப் பரிசோதிக்கும் வைத்தியரும், இவரைக் குணப்படுத்தும் வைத்தியரும் ஒருவராக இருக்கவே கூடாது. இரண்டும் ஒரே கதவு என்றால் அந்தக் கதவை யாரும் தட்டமாட்டார்கள்.

நியூயோர்க் நகரில் 1996இல் பொலிஸார் தொடங்கிய 'பொப்பா' என்ற அமைப்பு இதனால்தான் திணைக்களத்துக்கு வெளியே, தனி நிறுவனமாக அமைந்தது. 1990களின் நடுப்பகுதியில் அடுத்தடுத்து நடந்த தற்கொலைகள் அதற்குக் காரணம். ஆனால் ஒரு அமைப்பு இருந்தால் மட்டும் போதாது என்பதையும் அந்நகரமே காட்டியது. 2019 என்ற ஒரே ஆண்டில் அங்கு 10 பொலிஸார் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். அதன் பின்னரே நகரப் பொலிஸ் ஒரு வெளி வைத்தியசாலையோடு சேர்ந்து இலவச, இரகசிய சிகிச்சை வசதியை ஏற்படுத்தியது.

அமெரிக்காவில் 2021 நவம்பரில் வந்த ஒரு சட்டம் மத்திய அரசின் கீழ் உள்ள சட்ட அமுலாக்க உத்தியோகத்தர்களுக்கு, சக ஆதரவாளரிடம் பேசியதை வெளியிடத் தடை விதித்தது. விதிவிலக்குகளையும் அதுவே சொல்கிறது: தன்னை மாய்த்துக்கொள்ளும் நோக்கத்தையோ திட்டத்தையோ வெளிப்படையாகச் சொன்னால், இன்னொருவருக்கு உடனடிப் பாரிய ஆபத்து என்றால், சிறுவர் துஷ்பிரயோகம் தெரியவந்தால் இரகசியம் நிற்காது. அப்படிப்பட்ட எண்ணம் வந்துபோகிறது என்று சொல்வது மட்டும் விதிவிலக்கில் அடங்காது. இந்த நுணுக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். எல்லை எது என்று முதலிலேயே தெரிந்தால்தான் அதற்கு இந்தப் பக்கம் நின்று ஒருவர் தைரியமாகப் பேசுவார்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். இரகசியம் என்ற பெயரில் தடுப்புக்காவலில் அடித்தவரைக் காப்பாற்றுவதா? கூடாது. ஒழுக்காற்று விசாரணையும் நீதிமன்றமும் தம் வழியில் போக வேண்டும். மன அழுத்தம் கொடுமைக்கு மன்னிப்புச் சீட்டு அல்ல.

சக உத்தியோகத்தர் ஒரு வாசல். வீடு வைத்தியரிடம்தான் இருக்கிறது. பயங்கரத்தைக் கண்டபின் வரும் நெருக்கீட்டு நோய்க்கும் மனச்சோர்வுக்கும் நல்ல சிகிச்சைகள் உண்டு. பயிற்சி பெற்ற உளவியலாளர் பல அமர்வுகளில், நோயாளியின் வேகத்துக்கு ஏற்ப அந்த நினைவைக் கையாளக் கற்றுக்கொடுப்பார். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. ஆனால் சம்பவம் நடந்த மறுநாளே எல்லோரையும் வட்டமாக இருத்தி, 'கண்டதைச் சொல்லுங்கள்' என்று கட்டாயப்படுத்தும் ஒருநாள் கூட்டங்களால் அந்த நோயைத் தடுக்க முடியவில்லை என்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. படம் எடுத்துப் போடுவதற்கு அவை வசதியானவை என்பதால் எம்மவர்களுக்கு அதில் ஆசை வரக்கூடும்.

எமது நாட்டுக்கு இதைக் கொண்டுவருவதென்றால் மொழி முதலில் வரும். கிணற்றில் கண்டதைப் பிள்ளைப் பருவத்தில் பேசிய மொழியில்தான் ஒருவரால் சொல்ல முடியும். பயிற்சிக் கல்லூரியில் கற்ற சிங்களத்தில் அல்ல. தமிழ் பேசும் சக ஆதரவாளர்கள், பெண் பொலிஸாருக்குப் பெண் ஆதரவாளர்கள் தேவை. லீவு அதற்கடுத்த விடயம். பெருநாளுக்கும் பிள்ளையின் வருத்தத்துக்கும் வீடு போக முடியாதவரிடம் உளவளத்துணை பற்றிப் பேசுவது அவருக்குக் கேலியாகத்தான் படும்.

எமது குடும்பங்களும் கொஞ்சம் மாற வேண்டியிருக்கிறது. தூக்கமில்லை என்றவுடன் 'பார்வை பார்க்க' ஆள் தேடுகிறோம். வைத்தியரிடம் போனது வெளியே தெரிந்தால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்கிறோம். ஸ்டேஷனில் உள்ள பைலைக் குறை சொல்கிறோம், ஊரிலும் ஒரு பைல் இருக்கிறது. தற்கொலைக்கு முயல்வது எமது நாட்டில் 1998 வரை குற்றமாக இருந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள், எம் பேச்சிலிருந்து இன்னும் எடுபடவில்லை.

அன்று நான் அந்தத் தம்பிக்கு ஒரு துண்டுக் கடதாசியில் 1926 என்று எழுதிக் கொடுத்தேன். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவை அது. மனம் பாரமாக இருக்கும் எவரும் அழைக்கலாம். வாங்கிப் பார்த்துவிட்டு, "சேர், நம்பரைப் பார்த்து ஸ்டேஷனுக்கு அறிவிப்பாங்களா?" என்று கேட்டார். அது சுகாதாரத் துறைக்குரியது, பொலிஸ் திணைக்களத்துக்குரியது அல்ல என்று சொன்னேன். கடதாசியை மடித்து சேர்ட் பொக்கட்டில் வைத்துக்கொண்டார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னது, இருவரும் எழுந்து பள்ளிக்கு நடந்தோம். வழியில் குழந்தையின் வயதை மட்டும் சொன்னார். இரண்டரை.