ஃபுனகோஷி கிச்சின்

ஃபுனகோஷி கிச்சின் (1868–1957): ஒக்கினாவாத் தீவில் மறைவாகப் பயிலப்பட்டுவந்த கராத்தே என்னும் வெறுங்கைப் போர் வித்தையை ஜப்பானியப் பெருநிலத்துக்குக் கொண்டுசென்று, பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயிற்றுவிக்கத்தக்க ஒரு பாடமாக அமைத்துக் கொடுத்த ஆசான். ஷோட்டோகான் என்று பிரசித்தி பெற்ற பயிற்சிமுறை இவரிடமிருந்து தோன்றியது. இவரினும் பலசாலிகளான வீரர்கள் அக்காலத்து ஒக்கினாவாவில் பலர் இருந்தனர். தம் குருநாதர் இருவரையும் தமக்கு எட்டாத உயரத்தில் வைத்தே இவர் இறுதிவரை பேசிவந்தார். அவர்களுக்கெல்லாம் வாய்க்காத கீர்த்தி இவருக்கு வாய்த்ததற்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இவர் பார்த்துவந்த பள்ளிக்கூட வாத்தியார் உத்தியோகமே முதற் காரணம் என்று சொல்லலாம்.

ஒக்கினாவாவை ஆண்ட ரியூக்யூ அரசர்களின் பழைய தலைநகரான ஷூரியில், 1868 நவம்பர் 10 அன்று, ஜப்பானில் மெய்ஜி ஆட்சி தொடங்கிய அதே ஆண்டில், சிறு பிரபுக் குடும்பம் ஒன்றில் இவர் பிறந்தார். குறைமாதக் குழந்தை, நெடுநாள் பிழைக்காது என்றே சுற்றத்தார் எண்ணினர். தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்து, பாட்டனாரிடம் சீன சாஸ்திர நூல்களைக் கற்றார். தகப்பனாரின் குடிப்பழக்கத்தால் குடும்பச் சொத்து கரைந்துபோயிற்று. வைத்தியம் படிக்க வேண்டுமென்பது இளமையில் இவருக்கிருந்த ஆசை. டோக்கியோ வைத்தியக் கல்லூரியில் 1870-இலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கே இடம் என்ற விதி இருந்தமையால், பிறந்த ஆண்டைப் பதிவேட்டில் மாற்றிக்கொண்டு பரீட்சை எழுதித் தேறினார். ஆனால் குடுமியை எடுத்தவனுக்கே கல்லூரியில் அனுமதி என்று அரசாங்கமும், குடுமியை எடுத்தவனுக்கு வீட்டில் இடமில்லை என்று குடும்பமும் நின்றதனால், அந்த ஆசை அத்துடன் முடிந்தது. 1888-இல் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தபோது அதே கேள்வி திரும்பவும் எழுந்தது. இம்முறை அவர் குடுமியை எடுத்துவிட்டார். உத்தியோக உடுப்புடன் வீட்டுக்குள் நுழைந்த மகனைக் கண்டு தகப்பனார் சீறினார். தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொல்லைப்புற வழியாகப் பிறந்தகத்துக்கே போய்விட்டார்.

இதற்கு வெகு காலம் முன்பே, சிறுபிள்ளைப் பருவத்தில், கராத்தே பயில ஆரம்பித்திருந்தார். ஆரம்பப் பள்ளியில் இவருடைய வகுப்புத் தோழன் அஸாத்தோ அங்கோ என்னும் உயர்குடிப் பிரபுவின் மகன். குதிரையேற்றத்திலும் வாட்போரிலும் தேர்ந்த அஸாத்தோ, ரியூக்யூ அரசரின் மெய்காவலராயிருந்த மாத்சுமுரா சோக்கோனிடம் கராத்தே கற்றவர்; அவரே இவருக்கு முதல் குருவானார். வித்தையைப் பகிரங்கமாகப் பயிலக்கூடாதென்ற பழைய வழக்கம் அப்போதும் நீங்கவில்லை. ஆகவே பாடம் முழுவதும் இரவிலேயே நடந்தது. நிலவில்லாத இரவுகளில் கையில் விளக்குடன் ஆசிரியர் வீட்டுக்கு நடந்து சென்று, கிழக்கு வெளுக்கும் வேளையில் திரும்பிவரும் இந்த இளைஞரைக் கண்ட அண்டை வீட்டார், எந்தத் தாசி வீட்டுக்குப் போய்வருகிறானோ என்று தமக்குள் பேசிக்கொண்டார்களாம்.

அந்த இரவுப் பாடத்தை ஃபுனகோஷி தம் சுயசரிதையில் விவரித்திருக்கிறார். வீட்டின் பின்புற முற்றத்தில், பக்கத்தில் மங்கலாக ஒரு விளக்கு எரிய, அஸாத்தோ தாழ்வாரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். எதிராளிகள் சூழ்ந்து நிற்பதாகப் பாவித்து அடியும் தடுப்பும் உதையும் ஒரு கிரமமாகத் தொடரும் ‘கட்டா’ என்னும் அப்பியாசத்தைச் சிஷ்யர் கீழே நின்று செய்துகாட்டுவார். விளக்கம் அபூர்வம், பாராட்டு அதனினும் அபூர்வம். மறுபடியும் செய் என்ற உத்தரவு ஒன்றே இரவெல்லாம் கேட்கும். ஒரு கட்டா ஆசிரியருக்குத் திருப்தியாக அமையும்வரை அடுத்ததைத் தொட அனுமதியில்லை, வாரங்கள் மாதங்களாகும், நைஹாஞ்சி என்ற வரிசையைச் சேர்ந்த மூன்று கட்டாக்களுக்கு மட்டும் பத்து ஆண்டுகள் சென்றன. வருஷத்துக்கு இரண்டு மூன்று பெல்ட் மாறாவிட்டால் வகுப்பை மாற்றிவிடும் பெற்றோர் நிறைந்த இக்காலத்தில் இது கட்டுக்கதை போலத் தோன்றலாம். ஆனால் ஒரே அசைவை நூற்றுக்கணக்கான இரவுகள் திரும்பத் திரும்பச் செய்தவனுக்கே, அதில் பிழை எவ்விடத்தில் நுழைகிறது என்பது தெரியவரும்; பிற்காலத்தில் அவர் பிறருக்குக் கற்றுக்கொடுக்க முடிந்தது இந்த ஞானத்தைத்தான்.

அஸாத்தோவின் நண்பரான இத்தோசு அங்கோ இவருக்கு இரண்டாவது குரு. இருவரும் மாத்சுமுராவின் சீடரே எனினும், உடலிலும் கொள்கையிலும் நேர்மாறானவர்கள். அஸாத்தோ உயர்ந்து அகன்ற தோளினர். எதிரியின் கையையும் காலையும் வாளாகவே பாவித்து, மேலே படவிடாமல் விலகிக்கொள்ள வேண்டும் என்பார். இத்தோசுவோ பீப்பாய் போன்ற மார்பும் இரும்பு போன்ற கைகளும் உடையவர். உடலை உரமேற்றிவிட்டால் அடி விழுந்தாலும் பாதகமில்லை என்பது அவர் கட்சி. ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கும் இரு ஆசிரியரிடம் ஏககாலத்தில் பயின்றவன், ஒன்றில் குழம்பிப்போவான், அல்லது தானாக யோசிக்கத் தொடங்குவான். ஃபுனகோஷிக்கு இரண்டாவது வாய்த்தது.

அக்காலத்து வைராக்கியத்துக்கு எடுத்துக்காட்டாகப் புயல் சம்பவம் ஒன்று சொல்லப்படுகிறது. ஒக்கினாவாவில் பெரும்புயல் வீசிக்கொண்டிருந்தபோது, அரைத்துணி மட்டும் கட்டிய வாலிபர் ஒருவர் வீட்டுக் கூரைமேல் ஏறி, வைக்கோல் பாய் ஒன்றை இரு கைகளாலும் காற்றுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, குதிரைமேல் அமர்ந்தாற்போலக் கால்களை அகட்டி நின்றிருந்தாராம். காற்று அவரைச் சேற்றில் தள்ளியபோதெல்லாம் மீண்டும் ஏறி அதே நிலையில் நின்றாராம். அந்த வாலிபர் ஃபுனகோஷியே.

கராத்தேயின் மறைவு வாழ்க்கை 1901-ஆம் ஆண்டளவில் முடிவுக்கு வந்தது. அவ்வாண்டு இத்தோசு ஷூரியின் ஆரம்பப் பள்ளியில் அதைத் தேகப் பயிற்சிப் பாடமாகப் புகுத்தினார். குழந்தைகளுக்கு ஏற்றவாறு பினான் என்ற ஐந்து எளிய கட்டாக்களை வகுத்தவரும் அவரே. ஒருவர் ஒருவருக்கு இரவில் உபதேசித்த வித்தை, பகலில் ஒரு கூட்டத்துக்குச் சொல்லித்தரும் பாடமாக உருமாறிய இத்தருணத்தில், இரண்டையும் அறிந்தவராக ஃபுனகோஷி இருந்தார். இரவில் அவர் மாணவர், பகலில் வாத்தியார். வரிசையாக நிறுத்துவது, எண்ணிக்கை சொல்லி எல்லோரையும் ஒன்றாக அசையச் செய்வது, கடினமானதைத் துண்டுதுண்டாகப் பிரித்துத் தருவது ஆகியவை பழைய முற்றத்தில் இல்லாதவை; பள்ளிக்கூடம் கொடுத்தவை. இன்று நம் ஊர் மைதானங்களில் வெள்ளை உடுப்புக் குழந்தைகள் ‘இச்சி, நி, சான்’ என்று ஜப்பானிய எண்களைக் கத்திக்கொண்டு கை வீசுவதைக் காண்போர், அந்த ஒக்கினாவாப் பள்ளிக்கூடத்தின் வாரிசுகளையே காண்கின்றனர்.

1921-இல் பட்டத்து இளவரசர் ஹிரோஹிட்டோ ஒக்கினாவா வந்தபோது, ஷூரி கோட்டையில் அவர் முன்னிலையில் நடந்த கராத்தே நிகழ்ச்சியை நடத்தியவர் ஃபுனகோஷி. மறு ஆண்டு, கல்வி அமைச்சு டோக்கியோவில் நடத்திய தேகப்பயிற்சிக் கண்காட்சிக்கு, நிலைகளையும் கைவகைகளையும் காட்டும் படங்களை நீண்ட சுருள்களில் ஒட்டி எடுத்துச் சென்றார். அப்போது அவருக்கு வயது 53. ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ தம் கோடோகான் கூடத்துக்கு அழைக்க, அங்கும் செய்துகாட்டினார். சில நாளில் ஊர் திரும்ப எண்ணியிருந்தவர், கானோவும் ஓவியர் கொசுகி ஹோவானும் வேண்டிக்கொண்டதால் தங்கிவிட்டார். மனைவி, முன்னோர் கல்லறைகளைப் பேணும் கடமையை முன்னிட்டு ஒக்கினாவாவிலேயே இருந்துவிட்டார். தம்பதிகள் கால் நூற்றாண்டுக்குச் சற்றே குறைந்த காலம் பிரிந்து வாழ நேர்ந்தது.

டோக்கியோவில் அவருக்குக் கிடைத்த இடம் மெய்செய்ஜுக்கு என்னும், ஒக்கினாவா மாணவர்களுக்கான விடுதி. மாணவர் வகுப்புக்குப் போன நேரத்தில் அங்குள்ள விரிவுரைக் கூடத்தில் கராத்தே சொல்லித்தரலாம்; வாடகைக்கு ஈடாக விடுதிக் காவலும், அறை கூட்டுவதும், தோட்ட வேலையும் அவர் பொறுப்பு. ஒருநாள் பத்திரிகை நிருபர் ஒருவர் வந்து, முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த கிழவரிடம் கராத்தே ஆசிரியரைப் பார்க்க வேண்டும் என்றார். கிழவர் பணிவோடு அவரை உட்காரவைத்துவிட்டு உள்ளே போய், உடை மாற்றிவந்து, ஃபுனகோஷி அடியேன்தான் என்று வணங்கியதும் நிருபர் திகைத்துப்போனார். கையில் காசில்லாத மற்றொரு சமயம், பழைய தொப்பியையும் ஊரில் நெய்த கிமோனோவையும் அடகுக்கடைக்கு எடுத்துப் போனார். கடைச் சிப்பந்தி உள்ளே போய்வந்து, அப்பொருள்களின் மதிப்புக்கு மிகக் கூடுதலான தொகையை நீட்டினார். அந்தச் சிப்பந்தியின் தம்பி தம்மிடம் கராத்தே பயில்கிறான் என்பது பின்னரே அவருக்குத் தெரிந்தது.

1922-இலேயே அவருடைய முதல் நூல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு செப்டம்பர் 1-இல் நேர்ந்த காண்டோப் பூகம்பத்தில் அதன் அச்சுத் தகடுகள் அழிந்தன. 1924-இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே சங்கம் ஏற்பட்டது. பிற கல்லூரிகள் பின்தொடர்ந்தன. அவ்வாண்டு ஏப்ரலில், சீடர் சிலருக்கு முதல் ‘டான்’ என்னும் தகுதியை வழங்கினார். இந்தத் தகுதிவரிசை ஒக்கினாவாவின் சொத்தன்று. கானோ 1883-இல் ஜூடோவுக்காக ஏற்படுத்தியது. வெள்ளைப் பயிற்சி உடுப்பும் கறுப்புப் பெல்ட்டும் அதனோடு வந்து சேர்ந்தன. அஸாத்தோவோ இத்தோசுவோ எவருக்கும் பெல்ட் கட்டிவிட்டதில்லை. ஆகவே பிறருக்கு முதன்முதலில் பட்டம் அளித்த ஃபுனகோஷி, தம் குருமாரிடமிருந்து எந்தப் பட்டமும் பெறாதவர். இதில் முரண்பாடு காண்பவர் காணலாம். நல்ல ஆசிரியருக்குச் சான்றிதழ் பின்னால்தான் வரும் என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

1930-களில், தனிக் கராத்தே கூடம் ஒன்றைச் சீடர்கள் பணம் திரட்டிக் கட்டினர். கவிதை எழுத அவர் வைத்துக்கொண்ட ஷோட்டோ என்ற புனைபெயரால் அதற்கு ஷோட்டோகான் என்று பெயரிட்டனர். 1945-இல் வான்தாக்குதலில் அது எரிந்தது. கூடத்தின் தூணாக விளங்கிய மகன் யோஷித்தாக்காவும் அவ்வாண்டே நோயால் மாண்டார். போரின் கொடுமையால் ஒக்கினாவாவை விட்டு வெளியேறிய மனைவியோடு கியூஷூவில் ஒன்றுசேர்ந்து வாழக் கிடைத்த காலமும் அற்பமே. 1947-இல் அந்த அம்மையாரும் காலமானார்.

டோக்கியோ திரும்பிய முதியவரைக் கௌரவத் தலைவராகக் கொண்டு 1949-இல் ஜப்பான் கராத்தே சங்கம் அமைந்தது. 1956-இல் அச்சங்கம் ஆசிரியர்களைத் தயாரிக்கவென்றே ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. கட்டாவே கராத்தேயின் உயிர் என்றும், வெற்றி தோல்வி நிர்ணயிக்கும் போட்டி அதற்கு ஒவ்வாதது என்றும் அவர் கடைசிவரை சாதித்தார்; இளைய சீடர்களோ சண்டைப் பயிற்சியில் வேறு திசையில் சென்றுகொண்டிருந்தனர். 1957 ஏப்ரல் 26-இல், தம் 88-ஆம் வயதில் அவர் காலமானார். சங்கத்தின் முதலாவது அகில ஜப்பான் கராத்தே போட்டி அதே ஆண்டு அக்டோபரில் டோக்கியோவில் நடைபெற்றது.